தொட்டியில் விழுந்ததும் கொட்டகையில் விழுந்ததும்

அடிமுடி தேடிய கதை நடந்த இடம் என்று திருவண்ணாமலையைச் சொல்வார்கள். பிரமன் அன்னமாகி மேலே பறந்தான், திருமால் பன்றியாகி மண்ணைக் குடைந்து கீழே போனான், இருவருக்கும் எல்லை அகப்படவில்லை. சிவன் கோயில் கருவறையின் பின்சுவரில், லிங்கோத்பவரின் காலடியில், மூக்கை மண்ணில் புதைத்தபடி அந்தப் பன்றி இருக்கும். சுற்றி வருகிறவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்கள். கோயிலுக்கு வெளியே, எச்சில் இலை விழும் சந்தில் திரிந்த பன்றிக்குக் கிடைத்ததென்னவோ கல்லடிதான்.

நான் எழுத வந்தது அந்தச் சந்துப் பன்றியைப் பற்றியும், இன்று ஊருக்கு வெளியே சிமென்ட் தரையில் நிற்கும் வெண்பன்றியைப் பற்றியும். சரியாகச் சொன்னால், இரண்டும் போடும் எருவில் எவ்வளவு சத்து இருக்கிறது, அதை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) வைக்கிறவர்கள் இருந்து படிக்கலாம், யூரியாவுக்கும் டி.ஏ.பி.க்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

1989-இல் தனி மாவட்டமாகும் வரை திருவண்ணாமலை வட ஆற்காட்டோடு இருந்தது. அந்தக் காலத்துப் பன்றி, நாட்டுப் பன்றி: கறுப்பு நிறம், முதுகில் முள் மயிர், நீண்ட மூக்கு, எவ்வளவு தின்றாலும் நிதானமாகவே வளரும் உடம்பு. வளர்க்கிறவருக்குத் தீவனச் செலவு கிடையாது. காலையில் திறந்துவிட்டால் சாக்கடையையும் குப்பைமேட்டையும் சத்திரத்துப் பின்பக்கத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு மாலையில் தானாகத் திரும்பும். ஊரார் ஒதுங்கும் வெளிக்காட்டுக்கும் போகும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மனிதக் கழிவும் அந்தப் பன்றியின் உணவில் ஒரு பகுதி. மனிதனிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதனுக்கும் சுற்றிச்சுற்றி வந்த நாடாப்புழு, சிலருடைய மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பைக் கொடுத்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர்கள் நீண்டகாலம் ஆராய்ந்த நோய் இது. பன்றியை ஊருக்குள் விடக்கூடாது என்று நகராட்சிகள் சண்டை பிடித்ததில் நியாயம் இருந்தது. அதை வளர்த்துப் பிழைத்த ஏழைக் குடும்பங்களுக்கு மாற்றுவழி சொல்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதில் அந்த நியாயம் பாதியாகக் குறைந்துபோனது.

விவசாயிக்கும் இந்தப் பன்றிக்கும் ஓர் உறவு உண்டு. கோரை மண்டிப்போன நிலத்தை உழுதுவிட்டுப் பன்றிகளை உள்ளே இறக்குவார்கள். களைக்கொத்துக்கும் கலப்பைக்கும் எட்டாத கோரைக்கிழங்கை அது மூக்கால் கிளறித் தின்னும். கோரையும் குறையும், எருவும் விழும். ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போடுவதைப் போலவே இதற்கும் பேரம் உண்டு: எத்தனை உருப்படி, எத்தனை ராத்திரி. கிடைக்காரருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு கணக்கு தேவைப்படவில்லை. எருவுக்கும் அப்படித்தான், ஏக்கருக்கு இத்தனை வண்டி குப்பை என்று பேசி முடித்துவிடுவார்கள். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் காலத்துக்கு அது போதும் என்பேன். காரணம், அன்று ஊரில் சுற்றிய சத்து எல்லாம் ஊருடையது. பன்றி புதிதாக எதையும் கொண்டு வரவில்லை. இங்கே விளைந்து, இங்கே சமைத்து, இங்கே கழிந்ததையே அது தின்று வேறு இடத்தில் போட்டது. சத்து இடம் மாறியது, கூடவில்லை. உருப்படிக் கணக்கில் தவறு இருந்தாலும் ஊர் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது.

உலகத்தில் எருவின் சத்துக் கணக்கை முதலில் தீவனத்திலிருந்து தொடங்கிப் பார்த்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள். பிரான்சின் அல்சேஸ் பகுதியில் பண்ணை வைத்திருந்த பூசன்கோ என்ற வேதியியலார் 1830-களில் பசுவுக்கும் குதிரைக்கும் போட்ட தீவனத்தை நிறுத்து, அவை கழித்ததையும் கறந்த பாலையும் நிறுத்து, தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கே போகிறது என்று வரவுசெலவு எழுதினார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் லாஸும் கில்பர்ட்டும் இன்னும் ஒரு படி போனார்கள். பன்றி உள்ளிட்ட கால்நடைகளை அறுத்து, முழு உடலையும் பகுத்துப் பார்த்து, எத்தனை சத்து உடம்பில் தங்குகிறது என்பதை 1859-இல் வெளியிட்டார்கள். 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் கெல்டால் என்பவர் தானியத்தில் உள்ள நைட்ரஜனை அளக்க எளிய வழி கண்டுபிடித்தார். பீருக்காகப் பிறந்த அந்த முறையில் இன்றும் தீவனப் புரதத்தை அளக்கிறார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கு. தின்றதிலிருந்து உடம்பில் நின்றதைக் கழித்தால், வெளியே வந்தது. எருவை அள்ளி நிறுக்க வேண்டியதில்லை. தீவனத்தை நிறுத்தால் போதும்.

லாஸ் இதைக் காசாகவும் மாற்றினார். இங்கிலாந்தில் குத்தகைதாரர் நிலத்தை விட்டுப் போகும்போது, அவர் மாட்டுக்கு வாங்கிப் போட்ட புண்ணாக்கின் சத்து எருவாக அந்த நிலத்திலேயே தங்கிவிடுகிறதே, அதற்கு நிலச்சொந்தக்காரர் பணம் கொடுக்க வேண்டாமா என்ற வழக்கு அப்போது இருந்தது. எந்தத் தீவனத்தில் ஒரு டன் போட்டால் எவ்வளவு பெறுமான எரு நிற்கும் என்று லாஸும் கில்பர்ட்டும் அட்டவணை போட்டார்கள். 1902-இல் அதைத் திருத்தி எழுதிய இருவரில் ஒருவர் ஜான் அகஸ்டஸ் வோல்கர். இந்தப் பெயர் நமக்கும் வேண்டியதுதான். 1889-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அழைத்து வந்து, நாடு முழுக்கச் சுற்றி, 1893-இல் இந்திய வேளாண்மை பற்றிப் பெரிய அறிக்கை எழுதியவர் அவர். சாணத்தை எரிப்பதையும், எண்ணெய் வித்தும் எலும்பும் கப்பலேறுவதையும் அவர் அதில் பேசினார்.

கப்பலேறிய எண்ணெய் வித்தில் நம்முடைய மல்லாட்டையும் உண்டு. ஆற்காட்டுச் சீமையின் நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் சோப்பானது. புண்ணாக்கு ஐரோப்பிய மாடுகளின் தொட்டிக்கும் வயலுக்கும் போனது. நம் செம்மண்ணில் விளைந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அங்கே எருவாக விழுந்தன. அந்தப் பெறுமானத்துக்கு அங்கே குத்தகைதாரர் ரூபாய் அணா பார்த்தார்; இங்கே விளைவித்தவருக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்றே தெரியாது.

இருபதாம் நூற்றாண்டில் அறிவியலே கொஞ்சம் சோம்பலாகிவிட்டது. தீவனத்தைப் பார்க்காமல், தலைக்கு இவ்வளவு எரு என்று சராசரி அட்டவணைகள் வந்தன. அமெரிக்க வேளாண் பொறியியல் சங்கம் 1988-இல் வெளியிட்ட எரு அளவுத் தரநிலை இந்த வகை. 1,000 கிலோ உயிர் எடைக்கு நாளொன்றுக்கு இத்தனை நைட்ரஜன், முடிந்தது. பன்றி சோளம் தின்றதா, சோயா தின்றதா, ஹோட்டல் சோறு தின்றதா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. நம் கிடைக்காரரின் உருப்படிக் கணக்குக்குக் கோட்டு சூட்டு போட்டுவிட்டது போல. நம் ஊரிலும் இந்த வழக்கம் இருக்கிறது: மீன் குளத்தோடு பன்றி வளர்ப்பவர்களுக்குச் சொல்லும் பரிந்துரை, ஹெக்டேருக்கு 30 முதல் 40 பன்றிகள். அவை என்ன தின்னும் என்பது அந்தப் பரிந்துரையில் வராது.

அந்த அமெரிக்கத் தரநிலையே 2005 மார்ச்சில் மாறியது. புதிய பதிப்பில் பன்றிக்கான சமன்பாடுகள் தீவன அளவு, தீவனப் புரதம், தீவன மணிச்சத்து, கூடிய எடை என்று கேட்டன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து லாஸின் வழிக்கே திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் பன்றியின் இனமும் தீவனமும் அடையாளம் தெரியாமல் மாறியிருந்ததால் பழைய சராசரி பொய்த்துப்போனது, அவ்வளவுதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். திருவண்ணாமலை பால் மாவட்டம். இங்கே மாடுதான் ராஜா, கார்த்திகை தீபத்துக்குக் கூடும் சந்தையும் மாட்டுச் சந்தைதான். பன்றிப் பண்ணை சிலருடைய தொழில். நாடு முழுக்கவே பன்றி குறைந்துகொண்டு வருகிறது: 2012 கணக்கெடுப்பில் 1 கோடியே 3 லட்சம் இருந்தது, 2019-இல் 90 லட்சத்துச் சொச்சம். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் வைப்பது யார்க்ஷையர் வெண்பன்றி, அல்லது அதன் கலப்பு. 1970-71-இல் தொடங்கிய அகில இந்தியப் பன்றி ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டு மையம் செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்த ஆராய்ச்சி நிலையம், முக்கால் பங்கு யார்க்ஷையரும் கால் பங்கு நாட்டுப் பன்றியும் கலந்து ‘டானுவாஸ் கே.பி.எம். கோல்டு’ என்ற இனத்தை உருவாக்கியது. மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 2021-லிருந்து பன்றி இனவிருத்திப் பண்ணைக்கு மூலதனத்தில் பாதியை, 30 லட்ச ரூபாய் வரை, மானியமாகக் கொடுக்கிறது. கொட்டகை, தண்ணீர், குட்டி என்று ஒவ்வொன்றையும் தொழில்முனைவோர் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எருவைப் பற்றிக் கேட்டால், “அது கிடக்கு, தோப்புல போட்டுடுவோம்” என்ற பதில்தான் வரும்.

அந்தக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்கலாம். நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளின் தவிடும், மல்லாட்டைப் புண்ணாக்கும். ஆகவே 100 கிலோ தீவனத்தில் மக்காச்சோளம் 40, தவிடு 40, புண்ணாக்கு 17, மீதி 3 கிலோ தாது உப்பும் சாதா உப்பும் என்று வைத்துக்கொள்வோம். சோளத்தில் 9 சதவீதம் புரதம், தவிட்டில் 13, புண்ணாக்கில் 42 என்றால், கலவையில் ஏறத்தாழ 16 சதவீதம். வளரும் பன்றிக்குப் போதுமான அளவுதான்.

20 கிலோ குட்டி 150 நாளில் 80 கிலோவாக வளர வேண்டும். கிலோ எடைக்கு மூன்றரைக் கிலோ தீவனம் என்றால், 60 கிலோவுக்கு 210 கிலோ. அதில் புரதம் 33.6 கிலோ. புரதத்தில் தழைச்சத்து 16 சதவீதம் என்பதால் 6.25-ஆல் வகுக்க வேண்டும், 5.4 கிலோ வருகிறது. வளரும் பன்றி ஒவ்வொரு கிலோ எடைக்கும் தன் உடம்பில் நிறுத்திக்கொள்ளும் தழைச்சத்து சுமார் 25 கிராம். 60 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ. மீதி 3.9 கிலோ வெளியே. தின்ற தழைச்சத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பன்றி திருப்பிக் கொடுத்துவிடுகிறது. புண்ணாக்குக்குக் கொடுத்த விலையில் முக்கால்வாசி கொட்டகைத் தரையில் கிடக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஐந்து பன்றி வளர்ந்து போனால், அவை விட்டுச் சென்றது கிட்டத்தட்ட ஒரு யூரியா மூட்டை.

மணிச்சத்துக் கணக்கு இதைவிடச் சுவையானது, நம் பகுதிக்கென்றே அமைந்தது போல. தவிட்டில் பாஸ்பரஸ் ஒன்றரை சதவீதம் வரை இருக்கும், சோளத்தில் 0.3-ஐத் தொடாது. மேற்சொன்ன கலவையில் தாது உப்பைச் சேர்க்காமலேயே 0.8 சதவீதம் வந்துவிடுகிறது. 210 கிலோ தீவனத்தில் 1.7 கிலோ. பன்றி ஒரு கிலோ எடைக்கு நிறுத்திக்கொள்வது 5 கிராம் அளவு. ஆக 300 கிராம். வெளியே 1.4 கிலோ. ஆறில் ஐந்து பங்கு வீண். காரணம், தவிட்டின் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். பன்றியின் குடலில் திறவுகோல் மிகக் குறைவு. தவிடு தின்ற பன்றி, தவிட்டின் மணிச்சத்தைத் தொடாமலே வெளியே தள்ளிவிடுகிறது. எலும்பு வளர வேண்டுமே என்று நாம் மேலே தாது உப்பைத் தூவுகிறோம், அதிலும் மிஞ்சியது தரைக்கே வருகிறது.

அதே பன்றியைத் தவிடில்லாமல் சோளமும் சோயாவுமாக, 0.5 சதவீதம் பாஸ்பரஸில் வளர்த்தால் வெளியே வருவது 750 கிராம்தான். பன்றி ஒன்று, எடை ஒன்று, எருவின் மணிச்சத்து ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம். தலைக்கு இவ்வளவு என்று எழுதிய அட்டவணை எங்கே சறுக்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சிக்கலில் கழுத்தளவு சிக்கியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ராட்டர்டாம் துறைமுகத்தில் கடல் கடந்து வந்த சோயாவும் மரவள்ளிச் சீவலும் இறங்க, தெற்கு மாகாணங்களில் பன்றிப் பண்ணைகள் பெருகின. தீவனம் விளைந்த நிலம் ஒரு கண்டத்தில், எரு விழுந்த நிலம் இன்னொரு கண்டத்தில். 1984-இல் புதிய பண்ணைகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், 1987-லிருந்து எருவுக்கு மணிச்சத்து அளவில் வரம்பு வைத்தார்கள். 1991-இல் பைட்டேஸ் என்ற நொதி அங்கே தீவனச் சந்தைக்கு வந்தது, பன்றிக்கு இல்லாத திறவுகோலைத் தீவனத்திலேயே கலந்து கொடுக்கும் ஏற்பாடு. அதனால் மணிச்சத்துக் கழிவு மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தது. 1998-இல், பண்ணைக்குள் தீவனமாக எவ்வளவு சத்து நுழைந்தது, பன்றியாக எவ்வளவு வெளியே போனது என்று ஒவ்வொரு பண்ணையும் ஏடு எழுத வேண்டும், மிச்சம் அதிகமானால் வரி என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகளில் அதைக் கைவிட நேர்ந்தது வேறு கதை. பைட்டேஸ் இன்று நம் ஊர்த் தீவனக் கடைகளிலும் கோழிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். பன்றிக்காரர்கள்தான் விசாரிப்பதில்லை.

புரதத்துக்கும் வழி உண்டு. மல்லாட்டைப் புண்ணாக்கில் புரதம் நிறைய, ஆனால் பன்றிக்கு மிகவும் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் சோயாவோடு ஒப்பிட்டால் பாதியளவுதான். லைசின் பற்றாமல் மற்ற புரதமெல்லாம் யூரியாவாகி மூத்திரத்தில் போகிறது. லைசினைத் தனியாக வாங்கிக் கொஞ்சம் சேர்த்து, மொத்தப் புரதத்தை 16-லிருந்து 14-க்கு இறக்கினால், வளர்ச்சி குறையாமலே தழைச்சத்துக் கழிவு 3.9 கிலோவிலிருந்து 3.2-க்கு வரும். புரதம் ஒரு சதவீதம் குறைந்தால் கழிவு எட்டு முதல் பத்து சதவீதம் குறையும் என்று உலகெங்கும் சோதித்துச் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. புண்ணாக்குச் செலவும் மிச்சம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த மல்லாட்டைப் புண்ணாக்கின் நச்சுத் தொல்லையும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் கோயில் நகரத்தை ஒட்டிப் பண்ணை வைக்கிறவர் மூட்டைத் தீவனத்தை மட்டும் நம்பமாட்டார். தமிழ்நாட்டில் நகரத்தைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளின் ஆதாரமே ஹோட்டல் கழிவும் விடுதிச் சாப்பாட்டு மிச்சமும்தான். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்புகிறது. சாப்பாட்டுக் கடை, அன்னதானம், இலை, தட்டு, மிச்சம். தீபத்தன்று சொல்லவே வேண்டாம். அன்று மிஞ்சும் உணவும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மிஞ்சும் உணவும் அளவிலும் சத்திலும் ஒன்றல்ல.

இங்கே கழித்தல் கணக்கு தடுமாறுகிறது. பன்றி ஒன்றுக்கு நாளுக்கு 7 கிலோ ஹோட்டல் கழிவு போட்டால், அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். உலர்ந்த பொருள் ஒன்றரைக் கிலோ, அதில் புரதம் 12 சதவீதம் என்று கொண்டால் தழைச்சத்து 29 கிராம். பன்றி 350 கிராம் எடை கூடி 9 கிராமை நிறுத்திக்கொள்ளும், 20 கிராம் வெளியே. அந்த 12 சதவீதம் சைவ மெஸ்ஸின் சோறு சாம்பாருக்கு அதிகம், பிரியாணிக் கடைக்குக் குறைவு. நம் ஊரில் கோயிலைச் சுற்றியுள்ள மிச்சம் பெரும்பாலும் சோறு. வயிறு நிரம்பும், புரதம் பற்றாது, உப்பு கூடிப்போகும். இப்படிப்பட்ட பண்ணையில் எரு கழிவதும் குறைவு, பன்றி வளர்வதும் மெதுவு. பண்ணைக்காரர் பைத்தியக்காரத்தனமாக எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் டிரம்மை நிறுத்து, வருடத்தில் இரண்டு தடவை ஒரு மாதிரியைக் காயவைத்துக் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொடுத்தாலே சராசரி அட்டவணையைவிடப் பல மடங்கு நம்பகமான எண் கிடைத்துவிடும்.

ஹோட்டல் கழிவைக் கொதிக்க வைக்காமல் போடக்கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்தது, 2022-இல் வயநாட்டுக்கு வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் அதில் செத்தன. மருந்தில்லை. பன்றி இறைச்சித் துணுக்கு கலந்த எச்சில் ஒரு வாளி போதும், பண்ணை காலியாகிவிடும்.

தலைக்கணக்கு எவ்வளவு தூரம் வழி தவறும் என்பதற்கு ஓர் உலகளாவிய உதாரணம். பருவநிலைக்கான பன்னாட்டுக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில், சொந்தக் கணக்கு இல்லாத நாடுகளுக்கென்று இயல்பு எண்கள் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்துப் பன்றியின் சராசரி எடை அதில் 28 கிலோ. அதன்படி கணக்கிட்டால் வருடத்துக்கு ஒரு பன்றி கழிக்கும் தழைச்சத்து 4.3 கிலோ. சந்தில் திரிந்த கறுப்புப் பன்றிக்கு இது பொருந்தியிருக்கலாம். மேலே நாம் வளர்த்த வெண்பன்றி 150 நாளிலேயே 3.9 கிலோ கழித்துவிட்டது. வருடத்துக்குக் கொட்டகையில் ஓரிடத்துக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். பன்றியின் எண்ணிக்கை குறைகிறது, ஆகவே கழிவும் குறைகிறது என்று கோப்பில் எழுதுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். தலை குறைந்திருக்கிறது, தொட்டி பெரிதாகியிருக்கிறது. அதே வழிகாட்டி, தீவனத்திலிருந்து கணக்கிடும் இரண்டாம் நிலை முறையையும் சொல்லித்தான் வைத்திருக்கிறது.

கழித்தல் கணக்குக்கும் எல்லை உண்டு. பன்றியின் உடம்பைவிட்டு வெளியே வந்ததை அது சொல்லும். வயலுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது. கழியும் தழைச்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில் யூரியாவாக இருக்கிறது. அது சாணத்தோடு கலந்த சில மணி நேரத்திலேயே அமோனியாவாகிக் காற்றில் ஏறுகிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அது யூரியா மூட்டை ஆவியாகும் வாசனை. திறந்த குழியில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விடலாம். பன்றி சிந்திய தீவனம் தின்றதாகக் கணக்கில் ஏறுகிறது, உண்மையில் அது நேராக எருக்குழிக்கே போகிறது. மணிச்சத்துக்குப் பறந்து போகும் வழி கிடையாது. போட்ட இடத்தில் கிடக்கும், அல்லது கொட்டகை கழுவிய தண்ணீரோடு ஓடும். நம் பக்கத்தில் அந்தத் தண்ணீர் ஓடிச் சேரும் இடம் பெரும்பாலும் ஓர் ஏரி. ஆகாயத்தாமரை ஏன் இந்த ஏரியில் மட்டும் இப்படி மண்டுகிறது என்று பொதுப்பணித்துறையைத் திட்டுவதற்கு முன், வாய்க்காலின் மேல்பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். அன்று பன்றி ஊர்ச் சத்தைச் சுற்றிவிட்டது. இன்று மக்காச்சோளம் பெரம்பலூரிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வருகிறது, சோயா மத்தியப் பிரதேசத்திலிருந்து, தவிடு ஆரணியிலிருந்து. லாரியில் வந்த சத்தில் கால்வாசி பன்றியாக வெளியேறுகிறது, முக்கால்வாசி அரை ஏக்கர் கொட்டகையில் இறங்குகிறது. நூறு பன்றிகள் கொண்ட ஒரு தொகுதி விட்டுச் செல்லும் மணிச்சத்து, மேலே சொன்ன தவிட்டுக் கலவையில், 140 கிலோ; உர மூட்டையில் அச்சிடும் கணக்குப்படி 320 கிலோ. மத்திய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 50 கிலோ. ஆக அந்த எருவை அளவோடு போட 16 ஏக்கர் வேண்டும். தழைச்சத்தைப் பார்த்துப் போட்டால், பாதி ஆவியானது போக, மூன்றே கால் ஏக்கர் போதும் போலத் தெரியும். அப்படித்தான் பலரும் போடுகிறார்கள். பயிர் கரும்பச்சையாக நிற்கும். மணிச்சத்து மட்டும் தேவையைப் போல ஐந்து மடங்கு மண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

வெண்பன்றிப் பண்ணை தொடங்க வங்கிக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. தீவன மூட்டை வரும்போது அதன் மேல் அச்சிட்ட புரத சதவீதத்தையும் எடையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தவிடு எவ்வளவு கலந்தீர்கள் என்றும், விற்ற பன்றியின் எடையையும் எழுதுங்கள். எருக் கணக்குக்கு அதற்குமேல் தேவையில்லை. நூறு பன்றிக்குப் பதினாறு ஏக்கர் கைவசம் இல்லையென்றால், எருவை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பேசி வையுங்கள்.